நான்காவது நடுவர்

மூன்று முழு எண்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் வரக்கூடியது மூன்று வகைதான். 00 வரும், 33 வரும், 67 வரும். 25 வராது. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் வராது.

அவன் கையிலிருந்த தாளின் முதல் வரியில் இருந்தது: மேசை 11, சராசரி 84.25.

பேனா மூடியைக் கழற்றியவன் கையெழுத்துப் போடாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு நடுவர்களும் போட்டுவிட்டார்கள். பரிசளிப்புக்கு இன்னும் அரை மணி நேரம்.

"என்ன தம்பி, சொத்தையா எழுதிக் கேக்கறோம்? போட்டுத் தள்ளுங்க," என்றார் வங்கிக்காரர். ஒரு வங்கியின் கணினிப் பிரிவுக்குத் தலைவர். நாலாவது காப்பியில் இருந்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

அவன் இங்கே வந்ததே அக்காவின் தொல்லை தாங்காமல்தான். மனைவி இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. வேலையையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். திரையைப் பார்ப்பான், அது அலுத்தால் சுவரைப் பார்ப்பான். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை கூப்பிட்டார். மனைவி படித்தது அவரிடம்தான். "எங்க துறையில பொண்ணு எடுத்தவரு" என்று கல்யாணத்தன்றே அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர்.

"மாப்பிள்ளை, ஹேக்கத்தானுக்கு வருஷா வருஷம் அவதான் நடுவரா வருவா. இந்த வருஷம் நீங்க வாங்களேன்."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா விடவில்லை.

"போயேன்டா. இங்க இருந்து என்ன கோட்டை கட்டப் போற? சுவத்துல இருக்கற விரிசலைக்கூட எண்ணி முடிச்சிட்ட."

போனான்.

உள்விளையாட்டு அரங்கில் இருபது மேசைகள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒயர்க் காடு. இருபத்துநாலு மணி நேரம் தூங்காமல் நிரல் எழுதிய பிள்ளைகள் கண்கள் சிவந்து, தலை கலைந்து, கழற்றிப் போட்ட காலுறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நடுவர் வருகிறார் என்று உலுக்கினால் "கம்பைல் ஆயிருச்சா, புரோகிராம் ஓடுதா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான்.

மேசைக்கு எட்டு நிமிடம். ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இருபது, ஆக நூறு. அரை மதிப்பெண் கூடாது என்பது விதி. முதல் பரிசு வாங்கும் அணிக்கு வங்கிக்காரரின் பிரிவில் ஆறு மாதப் பயிற்சி. பயிற்சிக்குப் போனவர்கள் பெரும்பாலும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் கண் முழித்தது அதற்காகத்தான். இரண்டாவது, மூன்றாவது பரிசுக்குக் கேடயமும் சான்றிதழும்.

ஆறாம் மேசையில் ஒருவன் வாயைத் திறந்தால் மூடவில்லை. கூட்டாளிகள் அவனை வக்கீல் என்று கூப்பிட்டார்கள். சுவருக்குள் ஓடும் குழாயில் போனை ஒட்டிவைத்தால், ஓசையைக் கேட்டு எந்த இடத்தில் நீர் கசிகிறது என்று சொல்லும் செயலி. நடுவராக வந்தவன் ஒரு கேள்வி கேட்டான். "சார், கேள்வியே தப்பு சார்," என்றான் வக்கீல். யோசித்துப் பார்த்தால் கேள்வி தப்புதான். அரங்கத்தின் கழிவறைச் சுவரிலேயே ஒரு கசிவைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். பேச்சு அதிகம், ஆனால் வேலை சுத்தம். 84 போட்டான்.

பதினோராம் மேசையில் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளின் வரிசையைக் கவனித்து, "உங்கள் முறைக்கு இன்னும் நாற்பது நிமிடம், வெளியே காற்றாட நடந்துவிட்டு வரலாம்" என்று போனுக்குச் சொல்லும் ஏற்பாடு. அந்தப் பெஞ்சுகளை அவனுக்குத் தெரியும். 80 போட்டுவிட்டு நகர்ந்தான்.

பதினாலாம் மேசையில் என்ன பார்த்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ் சம்பந்தமாக ஏதோ. 79 போட்டிருந்தான். எண்கள் கைப்பழக்கத்தில் விழுந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் அணிக்கு இரண்டு வரி குறிப்பு எழுதக் கட்டம் இருந்தது. இருபது கட்டங்களையும் காலியாக விட்டான். அவன் மனைவியானால் இரண்டு வரிக்கு எட்டு வரி எழுதுவாள். திட்டுவாள், ஆனால் எழுதுவாள்.

இப்போது, துறை அலுவலகத்தில், கையில் தாள்.

"மேடம், ஆறாம் மேசை எங்க?"

பேராசிரியை தன் கணினித் திரையைப் பார்த்தார். "நாலாவது. 78.25. முதல்ல பதினொன்னு, அடுத்தது மூணு, அப்புறம் பதினாலு. மூணு அணியையும் முன் வரிசையில உக்கார வெச்சாச்சு. ஏதோ ஒரு பரிசு உண்டுன்னு மட்டும் சொல்லியிருக்கேன்."

"ஆறுக்கு நான் 84 போட்டேன்."

"நான் 85," என்றாள் மூன்றாவது நடுவர். போன் விளையாட்டுகள் செய்து விற்பவள், அதிகம் பேசாதவள்.

"நான் 86. அந்தப் பய என்னையே மடக்கிட்டான்," என்றார் வங்கிக்காரர். சொல்லிவிட்டுக் காப்பியைக் கீழே வைத்தார். "அப்போ 78 எப்படி வரும்?"

அவன் போய்த் திரைக்கு முன் குனிந்தான். எக்செல் தாளின் மேலே நெடுவரிசைகளின் எழுத்துகள்: நடுவருக்கு ஒன்றாக C, D, E. அதற்கு அடுத்து, சராசரிக்கு, G.

"F எங்க மேடம்?"

பேராசிரியையின் முகம் செத்துப்போனது.

"நான்தான் மாப்பிள்ளை," என்றார். "போன வருஷத்து ஃபைலைத்தான் காப்பி எடுத்தேன். நாலு நடுவர். மூணு பேரோட மார்க்கை அழிச்சேன். அவளோடத அழிக்கக் கை வரல. மறைச்சு மட்டும் வெச்சேன்."

"மறைச்சா கண்ணுக்குத்தான் தெரியாது. சராசரி எடுக்கும்போது அதையும் சேர்த்துத்தான் கூட்டும்."

"தெரியும். இருபத்தஞ்சு வருஷமா அதைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன்."

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட வங்கிக்காரர், பேராசிரியையின் கண்களைப் பார்த்ததும் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். போன வருடம் ஆறாம் மேசையில் இருந்த யாருக்கோ அவள் போட்ட 58, இந்த வருடத்து வக்கீலின் தலையில் விழுந்திருந்தது. போன வருடத்துப் பதினோராம் மேசைக்குப் போட்ட 93, இந்த வருடத்து இரண்டு பெண்களைத் தூக்கி மேலே வைத்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் போனவள் இன்று இருபது அணிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறாள்.

மறைத்ததை அவன் விரித்தான். F வந்தது. கட்டங்களின் மூலையில் சின்னச் சின்ன முக்கோணங்கள். சுட்டியை வைத்தால் குறிப்பு திறக்கும்.

வைத்தான்.

மேசை 6, 58. "விளக்கம் வண்டி வண்டியாக வருகிறது. வேலை ஒரு கூடைகூட இல்லை. அடுத்த முறை வாயைக் குறைத்துக் கையை நீட்டவும்."

மேசை 11, 93. "நீங்கள் தூங்கவில்லை என்று உங்கள் வேலையே சொல்கிறது. போய்த் தூங்குங்கள். எழுந்ததும் என்னைக் கூப்பிடுங்கள், மிச்சத்தைச் சேர்ந்தே செய்வோம்."

மேசை 14, 80. "யோசனை பிரமாதம். ஆனால் பொத்தான்களை எறும்புகளுக்காகச் செய்தீர்களா? மனிதர்களுக்கு விரல் பெரிது."

அவளுடைய குரல் அப்படியே இருந்தது. விளையாட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே கீழே போனான். பதினைந்து. பதினாறு. பதினெட்டுக்கு மேல் குறிப்புகள் குட்டையாயின. பத்தொன்பதுக்கு ஒரே சொல்: "பரவாயில்லை."

மேசை 20. மதிப்பெண் இல்லை. கட்டம் காலி. குறிப்பு மட்டும் இருந்தது.

"எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. தலையும் இடிக்கிறது. தப்பு உங்கள் மேல் இல்லை. நாளை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துப் போடுகிறேன்."

கீழே தேதி. போன வருடம், இதே வாரம். மாலை நாலு பத்து.

அவள் போவதற்கு ஒரு மாதம் முன்னால், ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். எத்தனை நாளாகத் தலைவலி? பார்வையில் ஏதாவது? அவள் மயக்கத்தில் இருந்தாள். பதில் சொன்னது அவன். மூணு வாரமா, டாக்டர். டாக்டர் எழுதிக்கொண்டார். கொஞ்சம் முன்னாடியே தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் அவன் முகத்தைப் பார்த்து முடிக்காமல் விட்டார். பிறகு எல்லாரும் சொன்னார்கள்: மூணு வாரத்துல யாருக்குடா தெரியும்? அக்கா சொன்னாள். மாமனார் சொன்னார். அந்த மூணு வாரத்தைத்தான் அவன் எட்டு மாதமாகத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.

மூணு வாரம் இல்லை. மூணு மாதம்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தது நினைவிருந்தது. "பதினோராம் மேசை பிரமாதம்" என்று சொன்னாள். விளக்கை அணைக்கச் சொன்னாள். அவனுக்கு வேலை இருந்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் என்றான். அவள் ஒரு துண்டை மடித்துக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தாள். "என்ன, கண்ணாமூச்சியா?" என்று கேட்டான். சிரித்தாள். விளக்கை அவன் எப்போது அணைத்தான் என்பது நினைவில் இல்லை.

"தம்பி," என்றார் வங்கிக்காரர், இந்த முறை மெதுவாக. "நேரம் ஆகுது. நான் ஒண்ணு சொல்லட்டுமா? தெரிஞ்சது நாம நாலு பேருக்கு. பதினொன்னும் நல்ல அணிதான். யாரை எடுத்தாலும் எங்களுக்கு நஷ்டம் இல்ல. முன் வரிசையில உக்கார வெச்ச பிள்ளைங்களை எழுப்பணுமா?"

"ஆறாம் மேசைக்குத் தெரியாது," என்றாள் விளையாட்டுக்காரி. "நமக்குத் தெரியுமே."

பேராசிரியை மூக்கை உறிஞ்சினார். "அவ போட்ட மார்க்குதானேன்னு எனக்கும் தோணுது மாப்பிள்ளை. தப்புதான். ஆனா இன்னும் ஒரே ஒரு தடவை அவ..."

அவனுக்கும் அது தோன்றாமல் இல்லை. மயக்கம் தெளிந்து அடுத்த வாரம், ஆஸ்பத்திரிப் பெஞ்சில் கையில் டோக்கனை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நம்ம நம்பர் வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பிறந்துடும்." பதினோராம் மேசைப் பெண்களை அவள் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பாள். 93 என்ன, 95 போட்டிருப்பாள்.

ஆனால் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட அவள் பார்க்கவில்லை. ஆளைப் பார்க்காமல் மார்க் போடுகிறவள் அல்ல அவள். கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தபோதுகூட, குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு எழுந்து வராமல், காலியாக விட்டுக் காரணம் எழுதி வைத்தவள்.

F என்ற எழுத்தின் மேல் சொடுக்கினான். நெடுவரிசை முழுக்க நீலமானது. பழைய கோப்பு துறையில் பத்திரமாக இருந்தது. இது வெறும் நகல்.

ஆனாலும் மேசை 20-இன் குறிப்பை இன்னொரு முறை திறந்து படித்தான்.

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் அழித்தான். எண்கள் ஒரு கணம் குலுங்கி உட்கார்ந்தன. மேசை 6, 85.00. மேசை 11, 81.33. மேசை 3, 80.33. அவ்வளவுதான் பரிசு. அடுத்த வரியில், மேசை 14, 79.67.

புதுத் தாள் அச்சாகி வந்தது. சூடாக இருந்தது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"பதினாலுகிட்ட நான் போய்ச் சொல்றேன்," என்றார் பேராசிரியை. "பண்ணினது நான்."

"நான் சொல்றேன் மேடம்."

பதினாலாம் மேசை அணியில் மூன்று பேர். முன் வரிசையில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவள் நெட்டைப் பெண், முழித்திருந்தாள். பக்கத்தில் பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒருவர், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், எங்க அப்பா," என்றாள் அவள். "டியூட்டி மாத்திட்டு வந்திருக்காங்க."

அப்பா எழுந்து நின்றார். அவன் உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

சுற்றி வளைக்க அவனுக்குத் தெரியாது. நேராகச் சொன்னான். கூட்டலில் பிழை. போன வருடத்து மார்க் கலந்துவிட்டது. திருத்தினால் நீங்கள் நாலாவது. பரிசு இல்லை.

பெண் அவனையே பார்த்தாள். தூங்கிய இருவரில் ஒருவன் கண் விழித்து, ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்து, மற்றவனை எழுப்பாமல் இருந்தான்.

"போன வருஷத்து மார்க்கா? யார் போட்டது சார்?"

"என் மனைவி."

"அவங்ககிட்ட கேட்டுட்டீங்களா?"

"அவங்க இல்ல."

வேறு ஏதோ சொல்ல வந்த அப்பா அதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்.

"எங்களுக்கு எவ்வளவு போட்டிருந்தாங்க?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"எண்பது. ஆனா அது உங்களுக்குப் போட்டது இல்லம்மா."

"நீங்க?"

"எழுபத்தொம்பது."

"ஏன் சார்? ஒரு மார்க்குக்காகச் சண்டை போடல. நீங்க வந்தப்போ ஒண்ணுமே கேக்கல. எல்லா மேசையிலயும் ஏதாவது கேட்டாங்க மத்தவங்க. நீங்க தலையாட்டிட்டுப் போயிட்டீங்க. எங்ககிட்ட என்ன குறைன்னு தெரிஞ்சா போதும்."

அவனிடம் எண் இருந்தது, காரணம் இல்லை. பார்க்காமல் போட்ட எண். மேடைப் பக்கம் ஒலிபெருக்கியை யாரோ தட்டிப் பார்த்தார்கள்.

"விடும்மா," என்றார் அப்பா. "சார் மறைக்காம வந்து சொன்னாரே, அது போதும்."

"இல்லைங்க, அவங்க கேக்கறது நியாயம்," என்றான் அவன். "இன்னொரு தடவை காட்டறீங்களா? மார்க் மாறாது. அதை இப்பவே சொல்லிடறேன்."

அவள் மடிக்கணினிப் பையை எடுத்தாள்.

முன் வரிசையைக் காலி செய்துவிட்டுப் பதினாலாம் மேசைக்கே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பரிசளிப்பு ஆரம்பித்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மடிக்கணினியில் பன்னிரண்டு சதவீதம் சார்ஜ்.

பஸ்ஸில் வயதானவர்கள் இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. அப்பாவின் வண்டியிலேயே ஒரு பாட்டியம்மா விழுந்திருக்கிறார். இறங்க நேரம் வேண்டும் என்பவர் தன் போனில் ஒரு தட்டுத் தட்டினால், ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் திரையில் ஆள் உருவம் ஒன்று வரும். அவர் இறங்கி முடித்ததும் மறையும். அவள் செய்து காட்டினாள். அவன் கேள்வி கேட்டான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் தட்டினால்? போன் இல்லாதவர் என்ன செய்வார்? அவள் பதில் சொன்னாள். சிலவற்றுக்குத் தெரியாது என்றாள்.

"ஓட்டறவர் இதை எப்போ பாப்பார்?"

"திரையில சார்."

"நான் பாக்க மாட்டேன்," என்றார் அப்பா. எல்லாரும் திரும்பினார்கள். "ஓட்டும்போது ரோட்டைப் பாக்கறதா, பொம்மையைப் பாக்கறதா? ஒரு மணி அடிச்சா போதும்னு அன்னைக்கே சொன்னேன் சார். பழைய ஆளு, உங்களுக்குத் தெரியாதுன்னு வாயை அடைச்சிட்டா."

"அப்பா!"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. சார் கேட்டாரு, சொன்னேன்."

பின்னால் பெரிய கைத்தட்டல். ஆறாம் மேசையின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வக்கீலிடம் ஒலிபெருக்கி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அவன் குரல் நிற்காமல் வந்தது. நெட்டைப் பெண் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மடிக்கணினியை மூடினாள்.

அவன் பேராசிரியையிடம் கேட்டு வெற்றுத் தாள்கள் வாங்கி வந்தான். முதல் தாளில் எழுதினான்: "மேசை 14. ஓட்டுநரைப் பார்க்க வைக்காதீர்கள், கேட்க வையுங்கள். அப்பா சொன்ன மணியை வைத்துவிட்டு எனக்குக் காட்டுங்கள்." கீழே தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். அவள் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அரங்கம் காலியாகத் தொடங்கியது. ஒயர்களைச் சுருட்டினார்கள், நாற்காலிகளை அடுக்கினார்கள். அவன் கடைசி மேசையிலிருந்து ஆரம்பித்தான். இருபதாம் மேசைக்காரர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் இருங்க," என்றான். என்ன செய்தீர்கள் என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னார்கள். கேட்டு எழுதினான்.

மூன்றாவது வரியில் எழுத்துகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. தலை வலிக்கவில்லை. எதிரே நின்ற பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் புறங்கையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினான்.